பொட்டிக்காரர் எடுத்த அளவு

மைசூரில் நடமாடுகிற ஒவ்வொருவருடைய நீள அகலமும் பொட்டிக்காரருக்கு அத்துப்படி. கலெக்டர் வந்தாலும் சரி, கண்டக்டர் வந்தாலும் சரி, முதலில் காலைப் பார்ப்பார், அடுத்து உச்சந்தலையைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் வணக்கம். மண்டி மொஹல்லாவில் சவப்பெட்டி செய்கிற மனிதர் அப்படிப் பார்த்தால் எவன்தான் நின்று பதில் வணக்கம் சொல்வான்?

நான் அவரைத் தேடிப் போகவில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற கூட்டத்தைத் தேடிப் போனேன். மகள் என்னோடு பேசிப் பதினோரு நாளாகியிருந்தது. மனைவி போனில் துழாவி ஒரு விலாசத்தைப் பிடித்து என் சட்டைப் பையில் செருகினாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணி. போயிட்டு வந்து சொல்லுங்க. போகலேன்னாலும் வந்து சொல்லுங்க."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் கிளப்பியது.

ஞாயிறு என்பதால் சந்து முழுக்க ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. மூன்று சுற்றுச் சுற்றினேன். நல்ல வெயிலில், மனித வாடையே இல்லை. காகிதத்தில் இருந்த எண்ணில் ஒரு கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. உள்ளே பச்சை மர வாசனை. சுவரோரம் பெட்டிகள் ஆளுக்கோர் உயரத்தில் நின்றன, ரேஷன் கடை வரிசை மாதிரி. நடுவில் குட்டையாக ஒருவர் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். என் செருப்பைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"அஞ்சடி எட்டு இஞ்சு. தோளு கொஞ்சம் அகலமுங்க."

அதே நொடியில் தலைக்கு மேலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலில் ஏதோ ஓதுவது கேட்டது. ஆள் இல்லை, குரல் மட்டும்!

ஓடினேன். 'விலாசம் தப்பு' என்று மனைவியிடம் சொல்ல வேண்டிய வசனத்தை ஒத்திகை பார்த்தபடியே தெருமுனை பார் வரை ஓடினேன். நாற்காலியில் விழுந்து, மூச்சு வாங்கி, நிமிர்ந்தால் எதிரே அவர். புருவத்தில் மரத்தூள், கையில் மடக்கு அளவுகோல். எந்த வழியாக எனக்கு முன்னால் வந்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"மீட்டிங்கு நம்ம கடைக்கு மேலதானுங்க. படி பின்னால இருக்குது. மேல இருக்கறவங்களும் மொத நாள் ஓடுனவங்கதான்."

"அப்ப நீங்க அளவு சொன்னது..."

"பழக்க தோசமுங்க. இன்னிக்கு உங்களுக்கில்ல. எந்திரிங்க."

அந்த 'இன்னிக்கு' முதுகுத்தண்டில் ஐஸ் மாதிரி இறங்கியது. எழுந்தேன்.

மாடியில் பார்த்தால் என்னைப் போன்றவர்கள்தான். ஒரே குரலில் ஓதியது கூட்டத்தின் தொடக்கப் பிரார்த்தனை. டீ வந்தது. பொட்டிக்காரர் மூலையில் கிடந்த ஒரு சவப்பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளிருந்து கண்ணாடி கிளாஸ்களை எடுத்து நீட்டினார். பக்கத்திலிருந்த ஆட்டோக்காரர் என் காதில், "பயப்படாதீங்க குரு, கழுவுன கிளாஸ்தான்" என்றார்.

அன்று பொட்டிக்காரர் தன் கதையைச் சொன்னார்.

"ஆர்டர் நோட்டுல அஞ்சடி நாலு இஞ்சுன்னு எழுதியிருந்துச்சுங்க. பேரு இல்ல, போன் நம்பர் இல்ல. கையெழுத்து என்னுது. எப்ப எழுதுனேன்னு நெனப்பில்ல. அப்பல்லாம் எனக்கு ஒண்ணுமே நெனப்பிருக்காதுங்க. மூணு நாள்ல செஞ்சு முடிச்சேன். ஒருத்தரும் வரல. யாருக்குத்தான் இதுன்னு படுத்துப் பாத்தேன். தலைக்கு மேல ஒரு வெரக்கடை, காலுக்குக் கீழ ஒரு வெரக்கடை."

மடக்கு அளவுகோலை விரித்துத் தன் தலைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"போதையில என்னைய நானே அளந்திருக்கறனுங்க. ஒண்ணு சொல்றேன், நிதானத்துல இருக்கறப்பகூட அம்புட்டு சரியா நான் அளந்ததில்ல!"

அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. அன்றோடு குடியை நிறுத்தி, பெட்டியை மாடிக்கு ஏற்றி, கிளாஸ் அலமாரி ஆக்கிவிட்டாராம்.

அடுத்த நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கத் தொடங்கியது. "இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன்" என்றதும் வைத்துவிடுவார். குசலம், வானிலை எதுவும் கிடையாது. ஒருநாள் மனைவி எடுத்துவிட்டு, "சவப்பெட்டிக்காரர் நீங்க இருக்கீங்களான்னு கேக்கறார்" என்று போனை இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுவந்தாள்.

நான்கு மாதம் ஓடியது. ஒருநாள் அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மறுநாள் காலை போனை அணைத்தேன். ஊரின் மறுகோடியில், எனக்கே பெயர் தெரியாத ஒரு பாரில் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். கிளாஸில் ஊற்றியாகிவிட்டது. எதிர் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. பொட்டிக்காரர்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சர்வர் வந்து அவரிடம் "ஏன் பேக்கு சார்?" என்றான், கன்னடத்தில் என்ன வேண்டும் என்று. அவர் அவன் காலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். அவன் திரும்பி வரவே இல்லை.

"நான் இங்க இருக்கறது எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாதுங்க. ஒம்பது பேருக்குப் போன் பண்ணுனேன், நீங்க மட்டும் எடுக்கல. பாரு பாரா ஏறி எறங்குனேன். இது பதினாறாவது."

அப்போதுதான் கவனித்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"போன வருசம் ஒருத்தர் எடுக்கலீங்க. வேல மும்முரம், சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். சாயங்காலம் அவருக்கு அளவெடுக்க என்னையத்தான் கூப்ட்டாங்க."

கிளாஸைத் தள்ளி வைத்தேன். அவரை எழுப்பிவிட என் தோள் தேவைப்பட்டது. வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம்.

சில வருடங்கள் போயின. இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று அவர் சொந்த ஊரான மார்டள்ளிக்கே திரும்பிவிட்டார். போன மாதம் மனைவி, மகளோடு கொள்ளேகால் வழியாக பஸ் பிடித்துப் போனேன். சோளக்காட்டு வரப்பில் நின்றிருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர், "யாருங்க இவரு?" என்று அவரிடம் கேட்டார். நாங்கள் பழகிய இத்தனை வருடத்தில் என் முழுப்பெயரையோ, ஊரையோ, வேலையையோ அவர் கேட்டதில்லை. கூட்டத்தின் வழக்கம் அது.

"என்ற தம்பிங்க. மைசூர்ல இருக்கறான்" என்றார் பொட்டிக்காரர்.

என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. "ஆமாங்க, எங்க அண்ணன்" என்றேன்.