மிச்சமான முள்ளம்பன்றி

ஒரு காட்டில், ஒரே ஒரு குளத்தைத் தவிர மற்றதெல்லாம் வற்றிப்போன கோடையில், பதின்மூன்று முள்ளம்பன்றிகள் தாகத்தோடு கரைக்கு வந்து சேர்ந்தன. அதில் கடைக்குட்டி முள்ளாயி. எங்கே போனாலும் கடைசியாக நடப்பவள். பாவம், அவளுக்கு எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை.

கரையில் கொக்கு குமாஸ்தா ஒற்றைக்காலில் நின்றபடி சட்டம் வாசித்தார். கூட்டமாக வருகிறவர்கள் சமமான வரிசைகளில் நிற்க வேண்டும். ஒரே வரிசை கூடாது. வரிசைக்கு ஒருவர் என்பதும் கூடாது. உச்சிவெயிலுக்குக் குளம் மூடப்படும்.

"நீங்க பதின்மூணு பேர். பகா எண். சமமாப் பிரியாது."

"பகா எண்ணுக்கெல்லாம் தாகம் எடுக்காதுங்களா?" என்றார் தலைவர் கூரப்பன்.

"மனு குடுங்க. பரிசீலிப்போம்."

கூரப்பன் விடவில்லை. இரண்டு வரிசையாக நிறுத்தினார், ஒருவர் மிச்சம். மூன்று வரிசை, ஒருவர் மிச்சம். நான்கிலும் ஆறிலும் அதே கதை. ஒவ்வொரு முறையும் மிஞ்சியது முள்ளாயிதான். ஐந்து வரிசையில் மூன்று பேர் மிஞ்சியபோது மட்டும் அவளுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது.

"தங்கம், நீ அந்தப் பக்கம் போய் நில்லும்மா. நாங்க குடிச்சிட்டு வந்துடறோம்" என்றார் கூரப்பன். முள்ளாயிக்கு அழுகை வந்தது. அழுவதற்குத்தான் உடம்பில் தண்ணீர் இல்லை.

பன்னிரண்டைப் பார்த்ததும் குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. "பகு எண். ரொம்ப நல்லது. ரெண்டு வரிசையா, மூணா, நாலா, ஆறா? ஃபாரத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க." முன்வரிசை யாருக்கு என்று சண்டை மூண்டது. அது அடங்குவதற்குள் அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு. பன்னிரண்டை விட்டுட்டு உங்க காரணியெல்லாம் கூட்டினா பதினாறு வருது. இருக்கறதே பன்னிரண்டு பேர். நீங்க மிகை எண். அதுக்குத் தனி ஃபாரம்."

இந்தக் களேபரத்தில் முள்ளாயி மெல்ல அவர் முன்னால் வந்து நின்றாள். "ஐயா, நான் ஒருத்திதான்."

குமாஸ்தா ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "பகா எண்ணுக்கு ரெண்டு காரணி வேணும். பகு எண்ணுக்கு அதுக்கும் மேல. ஒன்னுக்கு ஒரே காரணி. நீ எதுலயும் வரமாட்டியே. எந்த ஃபாரத்தைக் காட்டி உன்னைத் தடுக்கிறது? போய்க் குடி."

அவள் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தபோது குளத்தை மூடியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் இன்னும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் முள்ளாயியைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்களையும் கூட்டத்தை விட்டுத் துரத்தும்மா."

அவள் ஒவ்வொருவராகத் துரத்தினாள். துரத்தப்பட்டவர்கள் தனித்தனியாகப் போய்க் குடித்தார்கள். கூரப்பன் கடைசி வரை நின்றார்.

"உச்சிவெயில் வரப்போகுது. சீக்கிரம் துரத்தும்மா."

"இருங்க பெரியப்பா. மனசு வரணும்ல."

ஒரு வழியாக அவரைத் துரத்தவும் அவளுக்கு மனசு வந்தது. மிஞ்சியது முள்ளாயி மட்டும். அவளுக்கு அது பழக்கம்தான்.

நீதி: ஆபீசுக்குக் கூட்டமாகப் போகாதீர்கள். போயே ஆகவேண்டுமென்றால், வாசலிலேயே யாராவது உங்களைத் துரத்தும்படி நடந்துகொள்ளுங்கள்.