பிரேக் போட்டா ஆடுது

பிரேக்கை மிதித்தால் கார் நடுங்கியது. முதலில் ஸ்டியரிங் உதறும். அடுத்து கண்ணாடிக்காரரின் முழங்கை. அதற்கப்புறம் கன்னச் சதை. சிக்னலில் வந்து நிற்கும் அவரைப் பார்ப்பவர்கள், பாவம், யாரையோ பறிகொடுத்துவிட்டு அழுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். யார் பார்வையில் என்ன கோளாறு என்று நொடியில் சொல்லிவிடுவார். சொந்தக் காரின் கோளாறு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. படவில்லையே என்று ஆரம்பத்தில் அவர் வருத்தப்படவும் இல்லை. அதற்குக் காரணம் அவர் மனைவி.

அந்த அம்மாள் நர்ஸ். ஊரைத் தாண்டிப் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக வரச் சொல்லி அழைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பழகுநர் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு நேராக வந்து கணவர் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க."

"இப்ப எப்படிம்மா? பிரேக் போட்டா ஆடுது. சரி பண்ணிட்டுக் கத்துக்கலாம்."

"எப்ப சரி பண்ணுவீங்க?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அதான். பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க."

விஷயம் இதுதான். அந்த வீட்டில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதுகூட அவரைக் கேட்டு முடிவானதில்லை. அவர் ஆண்டுகொண்டிருந்த ஒரே சாம்ராஜ்யம் அந்த ஓட்டுநர் இருக்கை. அதற்கும் பங்கு கேட்டு ஆள் வந்த நேரத்தில், அந்த நடுக்கம் அவருக்குக் கடவுள் கொடுத்த சாக்கு.

"அப்ப நான் ஒர்க் ஷாப் ஆளை வரச் சொல்றேன்," என்றாள் அவள்.

கண்ணாடிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்டவன் கை வைக்கிறதுக்கா வாங்கினேன்? நானே பண்றேன்."

பக்கத்து வீட்டு வக்கீல் மதில் மேல் சாய்ந்துகொண்டு, "டயரா இருக்கும்," என்றார். கண்ணாடிக்காரர் டயர்களைக் கழற்றிச் சமன் செய்து மாட்டினார். ஆடியது. "அப்ப டயர் நிரபராதி," என்று தீர்ப்பளித்துவிட்டு, வக்கீல் ஸ்டியரிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அதையும் பார்த்தாகிவிட்டது. ஆடியது.

"பிரேக் போட்டா மட்டும்தானே ஆடுது?" துணி மடித்தபடியே மனைவி கேட்டாள். "அப்ப பிரேக்தானே?"

"உனக்கு அதெல்லாம் புரியாது." ஒரு வாரம் யோசித்துவிட்டு, பிரேக்கில்தான் கோளாறு என்று தானே கண்டுபிடித்ததுபோல் அறிவித்தார். சக்கரத்துக்குள் பிரேக் பிடிக்கிற இரும்புத் தட்டு கோணிப்போயிருந்தது. முன்சக்கரங்களுக்குப் புதிதாக இரண்டு தட்டு வாங்கிவந்து, வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மாட்டினார். கடைசி நட்டை முறுக்கும்போது ஸ்பேனர் வழுக்கியது. நட்டு இறுகியது. மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டு. ஒன்றரை மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் காலை மனைவி சாவியை எடுத்தாள். "சரியாயிடுச்சான்னு யாராவது ஓட்டிப் பாக்கணுமே."

மறுக்க வழியில்லை. அவர் பக்கத்தில் கட்டுக் கையோடு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் ஓட்டினாள். தெருமுனையில் அவள் பிரேக் போட்டாள். கார் ஆடியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு," என்றாள் ஆறுதலாக. வீட்டுக்கு வந்து வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பரிசோதனை. "எந்தச் சக்கரம்னு நீங்க காதைத் தீட்டிக்கிட்டு கேளுங்க, நான் மிதிக்கிறேன்."

கேட்டார். தினமும் விக்கி விக்கித்தான் நின்றது.

"மார்க்கெட் கூட்டத்துக்குள்ள எதுக்கு?"

"அங்கதானே அடிக்கடி பிரேக் போடணும்?"

"ரிவர்ஸ் எதுக்கு?"

"பின்னாடி போனாலும் ஆடுதான்னு பாக்க வேணாமா?"

"ரெண்டு காருக்கு நடுவுல எதுக்கு நுழைச்சு நிறுத்தற?"

"நின்னப்புறம் ஆடுதான்னு பாக்கறேன்."

கண்ணாடிக்காரர் ஒடுங்கிப்போனார். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு இரும்புத் தட்டை ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் இத்தனை பேர் மூக்கில் எதை மாட்டி அனுப்பினோமோ என்று கடையில் உட்கார்ந்து கலங்கினார். ஒரு வாடிக்கையாளர் கடைசி வரி எழுத்தைத் தடங்கலில்லாமல் படித்ததும், "நிஜமாவே தெரியுதுங்களா?" என்று தழுதழுத்தார்.

"வித்துடலாம்," என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி. "கார் ஆடுதுன்னு நெனச்சேன். ஆடறது நான்தான்."

"அவசரப்படாதீங்க," என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்."

கட்டுப் பிரித்த வாரத்திலேயே அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். புது ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் நாள், போகிற வழியில் கடையில் இறக்கிவிடுவதாகச் சொன்னாள். அவர் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சிக்னல் வந்தது. மடியில் பூனை உட்காருவதுபோல் கார் நின்றது.

"ஆடலையே."

"ஆடாதுங்க."

"தினமும் ஆடிச்சே?"

"நான்தான் விட்டு விட்டு மிதிச்சேன். தனியா ஓட்டப் பழக எனக்கும் நாள் வேணுமே. கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, தெரியுமா?"

அவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதற்குள் நெஞ்சில் ஒரு வெளிச்சம் பரவிவிட்டது. "அப்ப நான் மாட்டினது சரியாத்தான் இருந்திருக்கு," என்றார். குரல் நிமிர்ந்தது. முதுகும் நிமிர்ந்தது.

அவள் ஊசி போடுமுன் நோயாளியைப் பார்ப்பதுபோல் ஒருமுறை அவரைப் பார்த்தாள்.

"முதல் நாள் ஆடினது நிஜம்தாங்க."

"அப்புறம்?"

"நீங்க மாத்திரை போட்டுத் தூங்கினீங்களே, அன்னைக்கு மத்தியானம் கழட்டிப் பாத்தேன். தட்டு உட்கார்ற இடத்துல ஒரே துரு. சுரண்டிட்டுத் திரும்ப மாட்டினேன். துரு மேல மாட்டினா கோணிக்குமாம். தட்டு வந்த டப்பா மேலயே போட்டிருந்தது."

கடை வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் இறங்கினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தைரியம் வந்து, கதவை ஓங்கி அறைந்து சாத்தினார்.

ஜன்னல் கண்ணாடி நிதானமாக இறங்கியது.

"மெதுவாச் சாத்துங்க," என்றாள் மனைவி. "வண்டி ஆடுது."