செம்மறி ஆடும் பதினான்காம் விதியும்

அன்புள்ள யெல்மருக்கு, வீபே பெரியப்பா எழுதுவது. நீயும் நலம், நானும் நலம். மற்றபடி நீ சொல்வது எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். "விதி தெளிவாத்தான் இருக்கு, தப்பு உங்க மேல" என்கிறாயே, மின்புத்தகங்களுக்கு அந்த விதியை எழுதிய குழுவிலேயே உட்கார்ந்திருப்பவன் வேறென்ன சொல்வான்? எனக்கு எழுத வராது. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் கைபேசியிடம் சொல்கிறேன். பக்கத்தில் உன் பெரியம்மா ரென்ஸ்கே ஸ்வெட்டர் பின்னுகிறாள்.

உன் பதினான்காம் விதியை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். "பக்கம் காணப்படும்போது அதிலுள்ள படம் இயங்கத் தொடங்கலாம்." யார் கண்ணுக்கு? மனுஷன் பார்க்கணுமா, பெட்டி பார்த்தாப் போதுமா? என் கைபேசி விரல் பட்டால்தான் படத்தை ஓட்டுகிறது. உங்கள் வீட்டுச் சுவர் டிவியோ பக்கம் வந்ததுமே ஓட்டிவிடுகிறது. ரெண்டும் விதிப்படிதானாம்! வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊர் ஊராகக் கூடி, வறுத்த மீன் சாப்பிட்டு இதைத்தான் எழுதினீங்களா? தெளிவா எழுதிட்டா அடுத்த கூட்டத்துக்கு வேலை இருக்காதுன்னு விட்டு வெச்சீங்களோன்னு எனக்குச் சந்தேகம்.

உன் அம்மா வொபினாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ செய்த படப்புத்தகத்தில், என் வாழ்த்துக்கு அடுத்த பக்கம், உன் அப்பா டூகே மட்டும் தொட்டுப் பார்க்க ஒரு சின்னப் படம் சேர்க்கச் சொன்னேன். நீ அதைப் பார்க்காமலா சேர்த்தே? அதுவும் சந்தேகந்தான். அந்தப் படத்துல, உன் அம்மா சுட்ட ஆப்பிள் கேக்கை, கடல் அணை மேட்டில் மேயும் நம்ம செம்மறி ஆட்டுக்கு நீட்டுறேன். ஆடு மோந்து பாக்குது, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுது. "பாத்தியாடா டூகே, இதுக்கும் வேணாமாம்!" அவ்வளவுதான் படம். பிறந்தநாளன்னிக்குப் பதினாறு பேர் வட்டமா உக்காந்து, நம்ம ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் எல்லாரும் வாழ்த்துச் சொல்லி முடிச்சு, மடியில தட்டு, தட்டுல அதே கேக். சுவர் டிவியில நீ பக்கத்தைத் திருப்பினே. யாரும் தொடல. ஆடு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பாதிரியார் வாயில வெச்ச கரண்டி வாயிலயே நின்னுச்சு. உங்கப்பன் சிரிச்சுத் தொலைச்சான்.

"இனிமே அந்த மனுஷன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, நீங்களும் அங்க போகக் கூடாது"ன்னு உங்கப்பன்கிட்ட சொல்லிட்டா உங்கம்மா. நாப்பது வருஷமா வியாழக்கிழமை தவறாம நானும் உங்கப்பனும் சீட்டாடுறோம். மூணு வியாழன் போச்சு. சீட்டைக் கலைச்சு ரெண்டு பங்கா போட்டுட்டு எதிர் நாற்காலியப் பாத்துக்கிட்டிருக்கேன்டா.

அதனால குழு முத்திரையோட உங்கம்மாவுக்கு ஒரு காகிதம் அனுப்பு. விதிதான் குழப்பம், பெரியப்பா நிரபராதின்னு.

"ஆட்டுக்கு எதுக்குங்க கேக் நீட்டுனீங்க?"

நீ பின்னு ரென்ஸ்கே, இது தொழில்நுட்ப விஷயம். சனியன், இதையும் எழுதிடுச்சா?

உனக்கு நீண்ட ஆயுளும், உன் குழுவுக்குக் கொஞ்சம் நேர்மையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வீபே பெரியப்பா

பின்குறிப்பு: பெரியம்மா சமையலறைக்குப் போயிருக்கா, மெதுவாச் சொல்றேன். காகிதத்துல கேக் பேச்சையே எடுக்காதே. உங்கம்மா கேக்கை அந்த ஆடு தட்டோட நக்கித் தின்னுடுச்சுடா, இன்னொரு துண்டுக்கு என் பின்னாலயே வந்துச்சு. வேற வழியில்லாம, படத்துக்காக ரென்ஸ்கே சுட்டதை எடுத்து... ரென்ஸ்கே? எப்ப வந்தே? கோட்டை எதுக்கு மாட்டுறே?

"வொபினா வீட்டுக்குப் போறேன். கேக் சாப்பிட."

அடியே, நில்லு, முழுசாக் கேளு, அன்னிக்கு ஆட்டுக்கு வயிறு சரியில்...