இரண்டாவது வெள்ளிக்காசு

ஞாயிற்றுக்கிழமைக்குள் தையல் மிஷினை வீட்டை விட்டே அனுப்பிவிடுவது என்று கண்ணாடிக் கடைக்காரர் வியாழக்கிழமை காலையில் உறுதியாக முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே வந்து மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி.

வெளியே வந்ததும் மிஷின் முழங்காலில் இடித்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அது ஜன்னலோர அறையில், நல்ல வெளிச்சத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த அறைக்குள் இவருடைய பழங்காசு அலமாரி ஒன்று 'ரெண்டே நாளைக்கு' என்று நுழைந்தது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது அலமாரிக்கும் தெரிந்திருந்தது. இப்போது அறை முழுக்கக் காசு. மனைவி குளியலறை நடையில், மங்கின பல்பின் கீழே, ஊருக்கெல்லாம் துணி தைத்துக்கொண்டிருந்தாள். குளிக்கப் போகிறவர்கள் அவளை ஒரு சுற்று சுற்றித்தான் போக வேண்டும். கோயில் என்றால் புண்ணியமாவது கிடைக்கும்.

எல்லாம் ஒரே ஒரு வெள்ளிக்காசுக்காக. துறைமுக வியாபாரத்துக்கென்றே அந்தக் காலத்தில் அச்சடித்த, ஈட்டி பிடித்த பெண் நிற்கும் இருபத்தேழு கிராம் காசு. வாங்கிய வியாபாரி எவனும் அடுத்தவனை நம்பவில்லை. வெள்ளிதானா என்று பார்த்து ஆளுக்கொரு முத்திரையைக் குத்தினான். குத்துப்படாததை உருக்கினான். ஆகவே குத்தில்லாமல், தேயாமல், பிறந்த மேனிப் பளபளப்போடு ஒரு காசு தப்பி இவர் கைக்கு வந்தது என்றால் அது அவதாரம். இதை அவர் தினமும் சாப்பாட்டு நேரத்தில் விளக்குவார். பழங்காசு சேகரிப்போர் சங்கத்தில் காசின் தரத்துக்கு எழுபதுக்குத்தான் மார்க் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் குழம்புக்கும் மார்க் போடுவார். மனைவி பதிலுக்கு அவர் வழுக்கையைப் பார்த்து, "உயரமான இடத்துல தேய்மானம். நாப்பதுக்கு மேல தேறாது" என்பாள். பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது.

ஞாயிறன்று சங்கச் செயலாளர் வருகிறார். 'இந்தத் தரத்தில் இது ஒன்றே' என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும். ஜன்னலோர அறை காட்சிக்கூடம் ஆகிவிடும். நடையில் மிச்ச அலமாரிகள் வரும். மிஷின்? பழைய சாமான் கடை.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா?"

"என்னுதோட மதிப்பு பாதியாயிடும். அது இதைவிட நல்லா இருந்துச்சுன்னா என்னுது ரெண்டாவது. ரெண்டாவதை எவன் திரும்பிப் பாப்பான்?"

அவள் எழுந்துபோய்ப் பொத்தான் டப்பாவின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். பழுத்த காகிதம். வட்டமாக, சுற்றிலும் நெருக்கத் தையல்.

"எங்க பெரியப்பா கப்பல்ல சமையல் பண்ணிட்டு இருந்தப்ப கொண்டாந்தது. ஈட்டி பிடிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை நிப்பா. வாங்கின அன்னிக்கே சுத்தி வச்சாராம். குத்து கித்து ஒண்ணும் இல்லையாம்."

கண்ணாடிக் கடைக்காரர் பொட்டலத்தை வெடுக்கென்று வாங்கினார். சின்னத் தராசை எடுத்தார். இருபத்தேழு கிராம், கொஞ்சம் கூட. அச்சு அசல் எடை. தராசு ஆடவில்லை, அவர் ஆடினார்.

"பிரிச்சுக் காட்டட்டுமா?" என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவர் இரண்டு கையாலும் பொட்டலத்தைப் பொத்தினார். உயர்தரக் காசின் மேல் மூச்சுக்காற்று பட்டாலே கறை, எச்சில் தெறித்தால் கருமை, பிரிக்கவே கூடாது என்று நாலு வருஷமாக அவர் ஓதிய வேதம் இப்போது கைகொடுத்தது. உள்ளே இன்னொரு பயமும் இருந்தது. பிரிக்காதவரை அது பொட்டலம். பிரித்து, தன் காசுக்கு அவர் போட்டுவைத்திருந்த அறுபத்தாறைத் தாண்டி அது அறுபத்தேழாக இருந்துவிட்டால்?

"அப்ப நாளன்னிக்குச் செயலாளரே வந்து பிரிக்கட்டும்" என்றாள் மனைவி.

"அவர் எதுக்கும்மா? அவருக்கு ஆயிரம் வேலை."

"பொத்தான் டப்பாவுலயே கிடக்கட்டும்ங்கிறீங்களா? கிடக்கும். டப்பா ஜன்னலோர அறையில இருந்தாத்தான் எனக்கு மறதி வரும்."

சனிக்கிழமை முழுக்க அவர் அலமாரிகளை நடைக்கு இழுத்தார். மிஷினை ஜன்னலோரம் தூக்கி வைத்து, கேட்காமலே எண்ணெயும் போட்டார். முதுகுப் பிடிப்புக்கு மிச்ச எண்ணெயைத் தடவிக்கொண்டார்.

ஞாயிறன்று செயலாளர் நடையில் ஒண்டிக்கொண்டு, மங்கின பல்பில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒளி அதன் மேல் சக்கரமாகச் சுழன்றது. அறுபத்தாறு என்றார். பேனாவைத் திறந்துகொண்டு, இந்தத் தரத்தில் வேறு எங்காவது பார்த்ததுண்டா என்று கேட்டார்.

ஜன்னலோர அறையில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"பார்த்ததில்லை" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். பிரிக்காததை எப்படிப் பார்த்திருக்க முடியும்? பொய் சொல்லாமல் மறைத்த தன் சாமர்த்தியத்துக்கு மனசுக்குள் எழுபது போட்டுக்கொண்டார். மிஷின் மறுபடி ஓடியது. பேனாவும் ஓடியது.

செயலாளர் படி இறங்கியதும் உள்ளே ஓடினார். பொட்டலத்தைப் பத்திரமாகப் பூட்டிவைக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், மனைவி கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துவிட்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், கறை பட்டுவிடுமே.

உள்ளேயிருந்து விழுந்தது ஒரு பெரிய பித்தளைப் பொத்தான். கூடவே சில ஜாக்கெட் கொக்கிகள்.

"நாடகக்காரங்க ராஜா அங்கிக்குக் குடுத்தது" என்றாள். "எடை கொஞ்சம் கொறஞ்சுது. கொக்கி சேத்தேன்."

அவருக்கு முதலில் சந்தோஷம் வந்தது: அப்படியானால் தன் காசு நிஜமாகவே ஒன்றே ஒன்று. அப்புறம்தான் அறை ஞாபகம் வந்தது. இது அநியாயம், அலமாரிகள் இன்றைக்கே திரும்பி வரும் என்று கத்தினார்.

"கூட்டிட்டு வாங்க செயலாளரை. தெருமுனை தாண்டியிருக்க மாட்டார். இன்னொண்ணு இருக்குன்னு நம்பி நீங்க மறைச்சதைச் சொல்லியே நியாயம் கேப்போம்."

கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உக்காராதீங்க. இதுக்கு ஜோடிப் பொத்தான் கட்டிலுக்கடியில உருண்டுபோச்சு. பூதக்கண்ணாடியை எடுத்துட்டுப் போய் நல்லாத் தேடுங்க" என்றாள் மனைவி. "அந்தத் தரத்துல வேற கிடைக்காது."