டெரியோஸை விற்பதில்லை என்ற தீர்மானம்

கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில், மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில், என் வீட்டு முற்றத்தில், டெரியோஸ் ஜீப்பை எக்காரணம் கொண்டும் விற்பதில்லை என்ற தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்த்து வாக்களிக்க வேண்டிய என் மனைவி அன்னப்பூரணி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபடியால், தீர்மானம் ஏகமனதானது.

'என் வீட்டு முற்றம்' என்று எழுதியது பழக்கதோஷம். வீடு அன்னப்பூரணியுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து, உடுத்த உடுப்போடு அங்கே போய்ச் சேருகிறான். வீடு, கிணறு, தென்னை, தென்னையில் ஓடும் அணில், எல்லாம் அவளுடையவை. நான் ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருடம் செயலாளராக இருந்தவன். என் பின்னால் கோஷம் போட்டவர்கள் அமைச்சர்களின் பின்னால் போனார்கள். நான் துண்டுப்பிரசுரக் கட்டோடு தெருவில் நின்றேன். கடைசியில் கைக்கு வந்த சேமலாப நிதியில் வாங்கிய டெரியோஸ் ஒன்றுதான் அந்த வளவுக்குள் வினாயகமூர்த்தி என்ற என் பெயரில் நின்றது. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் நான் சுதந்திர நாட்டில் இருந்தேன்.

அந்த நாட்டின் மீதுதான் படையெடுப்பு. இளைய மகள் விதுர்ஷாவுக்குத் தையில் கலியாணம். மாப்பிள்ளை வந்து குடியேற வீடு வேண்டும். பக்கத்து வளவில் சுவர் எழும்பி நின்றது. கூரை இல்லை. மாப்பிள்ளை இருக்க வேண்டிய அறையில் தவளை இருந்தது.

"ஜீப்ப வித்தாத்தான் ஓடு போடலாம்," என்றாள் அன்னப்பூரணி.

"சீதன வீடு கட்டுறத நான் கொள்கையளவில எதிர்க்கிறவன். எண்பத்திரண்டிலயே அதுக்கு நோட்டீஸ் அடிச்ச ஆள் நான்."

"ஓம். என்ட சீதன வீட்டு மேசையில இரிந்துதானே எழுதின நீங்க."

"மேசை வேற, கொள்கை வேற."

"அப்ப கொள்கையால கூரையப் போடுங்க. ஒழுகாதெண்டா எனக்குச் சரி."

நேரடி மோதல் பலன் தராதபோது உள்ளிருந்து வேலை செய்ய வேண்டும். சங்கம் கற்றுத்தந்த பாடம் அது. விற்பதற்குச் சம்மதித்தேன். வாங்க வருகிறவர்களிடம் உண்மையை மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தேன். உண்மை சொன்ன இடமெல்லாம் காரியம் கெட்டதுதான் என் அனுபவம். இந்தக் காரியமும் கெடும்.

முதலில் தேற்றாத்தீவிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார்.

"நல்ல ஜீப் ஐயா," என்றார்.

ஒத்துக்கொள்கிறவரிடம் என்ன பேச. "நிப்பாட்டின மொடல்," என்றேன். "இனி ஒருத்தரும் செய்யப்போறல்ல. நாலு சில்லும் எந்நேரமும் இழுக்கும். பெற்றோலும் எந்நேரமும் குடிக்கும். பின்கதவு மேல எழும்பாது, பக்கவாட்டில திறக்கும். மதிலோரம் விட்டா ஒரு தேங்காயும் எடுக்க ஏலா."

வாத்தியார் தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த கடை முதலாளி தேத்தண்ணி முடியும் முன்னமே போனார்.

"ஒருத்தருக்கும் பிடிக்கல்லயாம்," என்று அன்னப்பூரணியிடம் கவலையோடு சொன்னேன்.

"அப்பிடியா," என்றாள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. எதிர்த்தரப்பு பேசாமல் இருந்தால் தளர்ந்துவிட்டது என்பது நான் படித்த அரசியல்.

மறு கிழமை ஏறாவூரிலிருந்து இஷாம் என்ற நெல் வியாபாரி வந்தான். ஜீப்பைச் சுற்றி நடந்தான். குனிந்து பார்த்தான். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திவிட்டான்.

"அண்ணன், குறை நினைக்காதீங்க. இது ஜீப் இல்ல. காரொண்ட முக்காலியில ஏத்தி வச்சிரிக்கி."

திறந்த வாய்க்கு வேறு வேலை வந்தது.

"ஆர் சொன்ன?"

"எல்லாரும் சொல்லுற. நல்ல வண்டியெண்டா ஏன் நிப்பாட்டினவன்?"

அந்த ஒரு கேள்வியில் என் வாழ்நாள் முழுவதையும் இழுத்துத் தெருவில் போட்டுவிட்டான். நல்லதைத்தான் நிறுத்துவார்கள். எங்கள் ஆலையை நிறுத்தினார்கள். சங்கத்தை நிறுத்தினார்கள். என்னை நிறுத்தினார்கள்.

"தம்பி, இரிங்க," என்றேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றேழில் தொடங்கினேன். ஜப்பானில் டைஹட்சு கம்பனி டெரியோஸைத் தெருவுக்கு இறக்கிய ஆண்டு அது. அதே வண்டிக்கு டொயோட்டா 'காமி' என்று பெயர் வைத்து விற்றது. மலேசியாவில் 'கெம்பாரா' என்று ஓடியது. உழைப்பு ஒன்று, முதலாளி மூன்று; இதை எந்தப் பத்திரிகையும் எழுதாது. இரண்டாயிரத்து ஆறில் இரண்டாம் தலைமுறை வந்தது. பத்தாண்டு கழிந்ததும் ஜப்பானில் அதற்கும் மூடுவிழா. தலைமுறைகள் முடிந்தன, என்னுடையது முற்றத்தில் நிற்கிறது.

"ஒடுக்கமா இரிக்கி," என்றான் இஷாம்.

"அதுதான் பலம். ஜப்பான்ல குறுகின தெருவுக்குச் செய்த. நம்முட வயல் வட்டை வரம்புக்கு அளவெடுத்த மாதிரி இரிக்கி."

"ஆயிரத்து முந்நூறு சீசீ. ஓட்டோவுக்குத்தான் போதும்."

"பாரம் குறைஞ்ச உடம்புக்கு அது கூட. நடுவில டிஃபரன்சியல் இரிக்கி, அதப் பூட்ட ஒரு சுவிட்ச் இரிக்கி. அமத்தினா முன்சில்லும் பின்சில்லும் ஒண்டாத்தான் சுத்தும். ஒண்டு வழுக்கினா மத்தது இழுக்கும். சங்கம் எண்டா அதுதான் தம்பி."

"சேத்தில இறக்கினா மறுகா உழவு மெசினக் கூப்பிடவேணும்."

அதோடு பேச்சு முடிந்தது. அவனை ஏற்றிக்கொண்டு வாவிக்கரை வயலுக்கு விட்டேன். நாலு நாள் மழை குடித்த வயல். ஆட்கள் வரம்பில் நின்று, "மூர்த்தியண்ணன், வேணாம்," என்றார்கள். வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டு நான் என்றைக்குத் திரும்பினேன். சுவிட்சை அமத்தினேன். சேறு கதவளவு எழும்பியது. டெரியோஸ் ஒருதரம் முனகியது. பிறகு நிதானமாக, ஊர்வலம் போவதுபோல, மறுகரையில் ஏறி நின்றது. வரம்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டி எத்தனையோ காலம்.

"தோத்துட்டன் அண்ணன்," என்றான் இஷாம். "எடுக்கிறன்."

யோசித்துப் பார்த்தேன். ஊர் பார்க்க நிறுவிய உண்மையை மீளப்பெறுவதற்கு நான் பாராளுமன்ற உறுப்பினர் இல்லை. வீட்டுக்கு வந்தபோது அன்னப்பூரணி வண்டிப் பத்திரங்களை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அந்த விரல் விலகும்வரை பேனாவை உயர்த்திப் பிடித்திருந்தேன். எதிர்ப்புக்கு அவ்வளவுதான் இடமிருந்தது.

சுவிட்சை எப்போது அமத்துவது என்று விளங்காத ஒருவனிடம் அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நானே ஏறாவூருக்கு ஓட்டிப்போனேன். கல்லடிப் பாலத்தில் கியரை விளக்கினேன். மட்டக்களப்பு ரவுணில் கிளச்சை விளக்கினேன். இஷாம் ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணன்" என்றான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை அவன் கையில் கொடுத்து இறங்கியபோது மழை மறுபடி பிடித்தது.

"அண்ணன், மனசில வச்சிராதீங்க," என்றான். "நல்ல வண்டியெண்டு எனக்கு முன்னமே தெரியும். அன்னப்பூரணி அக்காதான் போன்ல சொன்ன. புகழாதீங்க, குறை சொல்லுங்க, மிச்சத்த அவரே பேசி வித்துத் தருவார் எண்டு."

"அப்ப வாறன் தம்பி," என்று சாவிக்குக் கையை நீட்டினேன். கை நீட்டிய பிறகுதான் சாவி இனி அவனுடையது என்று விளங்கியது. அவன் அதை மடியில் கட்டிக்கொண்டு, ஜீப்பின் பின்கதவைப் பக்கவாட்டில் திறந்தான். உள்ளே என் கறுப்புக் குடை கிடந்தது.

"பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள நனையப்படாதாம். அக்கா வச்சிவிட்ட."

"எப்ப வச்ச?"

"நான் ஜீப் பாக்க வாறதுக்கு முதல் நாள், அண்ணன்."