பத்துக் குதிரைகளும் அண்ணனின் எடையும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் அடித்துச் சொல்வேன். அது சரியா, பிழையா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவளுக்கு இந்தப் பழக்கம் தொழிலுக்கு உதவிதான். (தயங்கித் தயங்கிச் சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் காய்ச்சி வடித்துவிடுவார்கள்.) ஆனால் இதே பழக்கத்தால் ஒரு சனிக்கிழமை, ஐம்பது பேருக்கு முன்னால், ஒரு காரை இழந்தேன்.

கார் அண்ணனுடையது. இரண்டு கதவு வைத்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். கட்டாருக்குப் போகும்போது, "பேட்டரி எறங்கிடாமப் பாத்துக்க" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வருடங்கள் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்றால், அது என்னுடைய கார் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் அண்ணன் தொலைபேசியில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சாந்தி, அடுத்த மாசம் லீவுல வாறேன். காரை வித்துறலாம்னு இருக்கேன். பழசாகிடுச்சு, இழுவையும் இல்ல."

"இழுவை இல்லைன்னு யாரு சொன்னா? மூச்சு விட எடமில்லாம கிடக்கு, அம்புட்டுதான். மெனிபோல்ட் ஒண்ணு மாத்துனா இன்னும் இருபது குதிரை வலு வரும்."

அண்ணன் சிரித்தார். "இருபது வேணாம். பத்துக் குதிரை கூட்டிக் காட்டு. கார் உனக்கு. இல்லாட்டி விப்பேன், அப்புறம் அழக்கூடாது."

இன்டேக் மெனிபோல்ட் என்பது வேறொன்றுமில்லை. வெளிக்காற்றைப் பிரித்து இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் குழாய்த் தொகுதி. குழாய் அகலமாக இருந்தால் காற்று தாராளமாகப் போகும், இன்ஜின் கூடுதலாக இழுக்கும். கொழும்பில் ஒரு பழைய பாகக் கடையில் எங்கள் காருக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்து, சேலையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். எதிரே இருந்த அம்மாள், "புள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். தூங்குகிறது என்றேன்.

கழற்றும் முன் அளக்க வேண்டும் அல்லவா? அதற்கு என் தொலைபேசியில் ஒரு செயலி இருந்தது. காரும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடையைக் கொடுத்துவிட்டு, நேரான சமதரையில் முழு வேகத்தில் ஓட்டினால் குதிரைவலுவைச் சொல்லிவிடும். சிக்கல் என்னவென்றால் மலைநாட்டில் நேரான சாலையும் இல்லை, சமதரையும் இல்லை. தேடித் தேடி எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே ஒன்றைப் பிடித்தேன். பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்திலிருந்து தொழிற்சாலை வரை, முந்நூறு மீற்றர், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு சாலை. இருபுறமும் செங்குத்தான மலைகள். நடுவில் இது மட்டும் பாய் விரித்ததுபோல் கிடந்தது. கண்ணால் பார்த்தே, "தட்டை" என்று தீர்ப்பளித்தேன்.

மடுவத்திலிருந்து தொழிற்சாலை நோக்கி ஓட்டினேன். தொண்ணூற்று ஆறு குதிரைகள்.

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் சமிந்த இரண்டு நாளில் மெனிபோல்டை மாற்றிக் கொடுத்தார். "மிஸ், ரொம்ப எதிர்பாக்க வேணாம்" என்று சிங்களம் கலந்த தமிழில் சொல்லிப் பார்த்தார். அவருக்குக் காற்றின் அடர்த்தி பற்றிக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பாவம், கையில் ஸ்பானரோடு நின்று கேட்டார்.

கராஜிலிருந்து தோட்டத்துக்கு மேல் பாதையால் வந்ததால், இம்முறை தொழிற்சாலைப் பக்கமிருந்து மடுவத்தை நோக்கி ஓட்டினேன். நூற்று இருபத்து நான்கு! இருபத்தெட்டுக் குதிரைகள் கூடுதல்! குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். ஆசிரியர் அறையில் அறிவித்தேன். போதாததற்கு வகுப்பில் கரும்பலகையில் எழுதி, "வலு என்றால் என்ன என்பதற்கு இதுதான் வாழும் உதாரணம்" என்றேன். அதே கரும்பலகையில் முந்தின வாரம் சாய்தளம் படிப்பித்தவளும் நானேதான்.

அண்ணன் வந்தார். சனிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுக்கும் நேரத்தில்தான் எனக்கு வசதிப்பட்டது. (பொய். கூட்டம் இருக்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தேன்.) சாக்குகளோடு வரிசையில் நின்ற பெண்களும், தராசடியில் எடை எழுதும் கணக்கப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் வந்திருந்தார், முப்பது வருடங்கள் கொழுந்து பறித்து, அதே மடுவத்தில் நிறுக்கக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மடுவத்துப் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலைப் பக்கம் லொறி நின்றதால் மடுவத்திலிருந்து புறப்பட்டோம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார். மிதித்தேன். கார் அலறியது. முடிவில் அண்ணன் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

தொண்ணூற்று ஆறரை.

"அரைக் குதிரை" என்றார் அண்ணன். "முன்பக்கமா, பின்பக்கமா?"

மடுவத்துக்குத் திரும்பி வந்து இறங்கினேன். செயலி பிழை, பெட்ரோல் பிழை, ஈரக் காற்று பிழை என்று நான் அடுக்கிக்கொண்டு போக, வரிசையில் நின்ற பாக்கியம் அக்கா மெதுவாகச் சொன்னார்:

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் போறது ஏத்தம்ங்க. சாக்கத் தூக்கிட்டு நடக்குற எங்க முட்டிக்குத் தெரியும்."

"ஏத்தமா? அக்கா, இது சுத்தத் தட்டை. சுத்தி மலையா இருக்கறதால உங்களுக்கு அப்படித் தோணுது." (அப்படித் தோன்றியது எனக்குத்தான்.) "இப்பப் பாருங்க!"

காரை நியூட்ரலில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டேன். இறங்கி, இடுப்பில் கை வைத்து, கூட்டத்தைப் பார்த்து நின்றேன். "ஏத்தமா இருந்தா கார் நகரணும். நகருதா?"

எல்லோருடைய கண்களும் எனக்குப் பின்னால் மெதுவாக இடமிருந்து வலமாகப் போயின.

கார் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. நிதானமாக உருண்டு, சாலையோர வடிகால் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி, தேயிலைச் செடியில் தலையைச் சாய்த்துக்கொண்டது. சாக்குகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள்தான் தூக்கிவிட்டார்கள். தூக்கும்போதும் சிரித்தார்கள், தூக்கிய பிறகும் சிரித்தார்கள்.

ஆனால் நான் அவ்வளவு சீக்கிரம் தோற்கிற ஆளா? கானுக்குள்ளிருந்து கார் வெளியே வருவதற்குள் என் மூளை வேலை செய்துவிட்டது. முதல் தடவை அளந்ததும் ஏற்றத்தில்தான். இப்போது அளந்ததும் ஏற்றத்தில்தான். ஆக ஒப்பிடலாம்! விட்டுப்போனது ஒன்றே ஒன்று. செயலியில் என் எடைதான் இருந்தது. அண்ணனின் எடை இல்லை.

"அண்ணே, எத்தனை கிலோ நீங்க?"

"எழுவத்திரண்டு."

கட்டாருக்குப் போகும்போது எழுபத்திரண்டு. போட்டுப் பார்த்தேன்; கிட்டத்தட்ட நூற்று நான்கு வந்தது. எட்டுக் குதிரைகள்! அண்ணனின் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தேன். இன்னும் இரண்டு குதிரைகள் அதற்குள்தான் ஒளிந்திருந்தன.

"பொய். தராசுல ஏறுங்க."

"சரி" என்றார் அண்ணன், ரோஷத்தோடு. "கணக்கப்பிள்ளை என்ன எழுதுறாரோ அதுதான் முடிவு. சம்மதமா?"

"சம்மதம்!" என்று கத்தினேன். யோசித்துவிட்டுச் சொல்லும் பழக்கம்தான் எனக்கு இல்லையே.

கொழுந்துத் தராசின் கொக்கியில் இரண்டு சாக்குகளைச் சேர்த்துக் கட்டி, கட்டாரிலிருந்து வந்த என் அண்ணனை அதில் உட்காரவைத்துத் தொங்கவிட்டோம். முழங்கால் முகவாயைத் தொட, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்து முள்ளைப் பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலு."

மனக்கணக்கில் நான் புலி. தொண்ணூற்று நான்கு என்றால் சரியாக நூற்று ஆறு. பத்துக் குதிரைகள். கார் எனக்கு! பாக்கியம் அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதினார். எழுதியதை வாய்விட்டும் வாசித்தார். "கழிவு ரெண்டு. தொண்ணூத்தி ரெண்டு."

"என்ன கழிவு?"

"சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிக்கணும்ங்க டீச்சர். எல்லாருக்கும் அப்படித்தான்."

தொண்ணூற்று இரண்டைப் போட்டேன். நூற்று ஐந்து தசம் எட்டு. ஒன்பது தசம் எட்டுக் குதிரைகள்.

நான் கத்திய கத்தில் லொறி டிரைவர் இறங்கி வந்துவிட்டார். "சாக்கு அரைக் கிலோகூட இருக்காது! ஈரம் எங்க இருக்கு, மனுசன் நனையவே இல்லையே! இல்லாத ஈரத்துக்கு எதுக்குக் கழிக்கிறீங்க? இது அநியாயம்! பகல் கொள்ளை!" கணக்கப்பிள்ளை பேனாவை மூடிவிட்டார். அண்ணன் சாக்குக்குள்ளிருந்து, "பத்துன்னா பத்து" என்றார்.

அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏன்டி, ஒரே ஒரு நாள் ரெண்டு கிலோ கழிச்சதுக்கு இந்தக் கத்து கத்துறியே" என்றார். "நானு முப்பது வருசம் இந்தத் தராசுக்கிட்ட வாயத் தொறக்காம நின்னேன்."

அண்ணனைச் சாக்கிலிருந்து இறக்கிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் ஓட்டியபடியே கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு நிறுவை, நான்கு கிலோ. மாதத்துக்கு இருபது நாள் என்று வைத்தாலும் எண்பது கிலோ. வருடத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது. எங்கள் கார் தொள்ளாயிரம் கிலோ. அம்மாவிடம் சொன்னேன்: "வருசத்துக்கு ஒரு கார் கழிச்சிருக்காங்கம்மா. டாங்கி நெறையப் பெட்ரோலோட." சொல்லும்போதே அழுகை வந்தது. அது என் காருக்காக இல்லை.

அந்த வாரமே அண்ணன் காரைக் கினிகத்தேனை ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். நான் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். பரீட்சைப் பெறுபேறு வந்து, "என் வகுப்பில் இத்தனை பேர் பாஸ்" என்று நான் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால், "கழிவு போகவா?" என்று கட்டாரிலிருந்து உடனே கேள்வி வரும்.

அம்மாவின் பகிடி அதைவிடப் பெரியது. போன மாதம் தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வாகனம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா தேநீர்க் கோப்பையை நீட்டியபடி சொன்னார்:

"ஏன் இல்ல? முப்பது காரு இருக்குங்க. எல்லாம் மடுவத்துலதான் நிக்குது."