துண்டோடு மூன்றேகால்

எடை அதிகாரியின் காதில் ஒரு பழைய சத்தம் குடியிருந்தது. அவருடைய மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே நின்றவருக்குக் கேட்ட 'டங்'. சங்கிலியில் தொங்கிய பித்தளைத் தட்டு, பிள்ளையை ஏற்றதும் ஒரே இறக்கமாக இறங்கி மேசையைத் தொட்ட சத்தம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் அவர் கைதட்டல் வாங்கியிருக்கிறார். எதுவும் அந்த 'டங்'குக்கு உறை போடக் காணாது.

அப்போது ஊரில் ஆலை இல்லை. பிறகு ஆலை வந்தது, புகைபோக்கி வந்தது. கொடியில் வெள்ளையாகப் போன துணி சாம்பலாகத் திரும்பி வந்தது. பிள்ளைகளும் நோஞ்சானாக வர ஆரம்பித்தன. தட்டு இப்போது 'டிக்' என்றுதான் சொல்லிற்று. மேலிடம் கவலைப்பட்டது, கவலைப்பட்டதும் வழக்கம்போல் ஒரு பதவியை உண்டாக்கியது. அதன் பெயர் சிசு எடை மேம்பாட்டு அதிகாரி. வாய் வலிக்கிறதென்று ஊர் அதை எடை அதிகாரி ஆக்கிக்கொண்டது.

பதவியேற்ற அன்றே அவர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"புகைதான் சார் காரணம்," என்றார் டாக்டரம்மா. "வயித்துல பிள்ளையோட இருக்கறவ நாள் பூரா இதைத்தான் இழுக்கறா. உள்ள இருக்கறதுக்குச் சேர வேண்டியது சேர மாட்டேங்குது. சின்னதாப் பொறக்குது."

"புகை மேல போற பொருளா, கீழ வர்ற பொருளா?"

"மேல போகும். ஆனா..."

"பிரசவ வார்டு எங்க இருக்கு?"

"மாடியில."

"அது போற வழியில நீங்க கட்டிலைப் போட்டுட்டு அதைக் குறை சொல்றீங்களேம்மா!"

வார்டு கீழே இறங்கியது. எடை ஏறவில்லை. புகைபோக்கியைப் பற்றி யோசிக்கலாம்தான். ஆனால் அது வேறு இலாகா. வேறு இலாகாவின் பொருளைப் பற்றி யோசிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆலைக்கு எதிர்த்தெருவில் குடியிருந்ததால் இருமுவதற்கு மட்டும் இருந்தது.

ஒருநாள் வார்டைப் பார்வையிடும்போது, பிறந்த குழந்தை ஒன்று தராசில் பிறந்தமேனியாகக் கிடப்பதைக் கண்டு திடுக்கிட்டு நின்றார்.

"என்ன அநியாயம் இது? மனுஷனை எங்கயாவது துணியில்லாம நிறுப்பாங்களா? ரயிலடி மிஷின்ல நான் ஏறினப்போ பேன்ட் சட்டையோடதான் ஏறினேன். பெல்ட்டைக்கூடக் கழட்டலை."

"துணியோட நிறுத்தா துணியோட எடையும் சேருமே சார்?" என்றார் டாக்டரம்மா.

"சேரட்டுமே. சமுதாயத்துல அது துணியோடதானே இருக்கப் போகுது?"

மறுநாள் உத்தரவு வந்தது. இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், சிசுக்களின் கண்ணியத்தை முன்னிட்டு, இனி எந்தச் சிசுவும் முறைப்படியான துண்டு சுற்றப்படாமல் நிறுக்கப்படலாகாது; மீறுவோர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார்கள். துண்டுகளை ஆலை இலவசமாகத் தந்தது. கம்பளிக்கு அண்ணன் மாதிரி தடிமன், சாம்பல் நிறம். கரி படிந்தாலும் தெரியாது என்பது கூடுதல் வசதி.

தட்டு மறுபடி 'டங்' என்றது. மேலிடம் மகிழ்ந்தது. ஊருக்கோ தலைகால் புரியவில்லை.

"எங்க வீட்டுது மூணரை," என்றாள் தெருக்குழாயில் ஒருத்தி.

"எங்களது நாலு. ரெண்டு சுத்து சுத்தினாங்க."

"எங்க மச்சினிக்கு ஆளைத் தெரியும். துண்டை நனைச்சே சுத்திக் குடுத்தாங்க!"

எடை குறைந்த பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுவதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கதகதப்பு அறை இருந்தது. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால்தான் அதில் இடம். இப்போது கீழே யாருமே பிறக்கவில்லை ஆதலால் அந்த அறை மூடப்பட்டு, உள்ளே துண்டுகள் அடுக்கப்பட்டன. டாக்டரம்மா ஆட்சேபித்தார். ஆட்சேபம் மரியாதையுடன் பெற்றுக்கொள்ளப்பட்டது.

வீட்டில் மனைவி மட்டும் அவரைப் பெரிய மனுஷனாக ஏற்கவில்லை. மகள் வயிற்றுப் பிள்ளையோடு அதே வீட்டு மாடியில் இருந்தாள்.

"ஏங்க, ராத்திரியெல்லாம் இருமுறா அவ. ஜன்னலைச் சாத்தினா வேகுது, திறந்தா கரி கொட்டுது. ஏதாவது செய்யுங்க."

"கீழ வந்து படுக்கச் சொல்லு. புகை மேல போற பொருள்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களைக் கட்டின நான்தான் கீழ வர்ற பொருள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வலி நாளுக்கு முன்பே வந்தது. எடை அதிகாரி ஒருநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கதவு இப்போது கீழே. தராசு அதேதான். உள்ளே தட்டு 'டங்' என்றது. அவர் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "பேத்தி. துண்டோட மூணேகால்."

"சபாஷ்!"

"பிள்ளை ஒண்ணரைதான் இருக்கும் சார். மிச்சம் துண்டு. உடம்பு ஜில்லுன்னு இருக்கு. கதகதப்பு அறையைத் திறக்கணும்."

சாவி, அன்றைக்கு இவர் இடத்தைப் பார்த்துக்கொண்ட பொறுப்பு அதிகாரியிடம் இருந்தது. நேற்றுவரை இவருக்குக் கோப்பு தூக்கியவர்.

"தம்பி, அறையைத் திறப்பா."

"மூணேகால் கிலோ பிள்ளைக்கு எப்படி சார் திறக்கறது?"

"துண்டை எடுத்துட்டு நிறுக்கச் சொல்றேன்."

"அது குற்றம் சார். நீங்க போட்ட உத்தரவு."

"நானே ரத்து பண்றேன்!"

"நீங்க இன்னைக்கு லீவுல இருக்கீங்க சார்."

தன்னிடம் தொழில் பழகியவன் எவ்வளவு சுத்தமாகப் பழகியிருக்கிறான் என்று எடை அதிகாரிக்கு ஒரு கணம் பெருமைகூட வந்தது.

மனைவி யாரையும் கேட்கவில்லை. உள்ளே போனாள், துண்டை உருவினாள். "இதை உங்க அறையில வச்சுக் காப்பாத்துங்க," என்று பொறுப்பு அதிகாரியின் தோளில் போட்டாள். வெறுங்குழந்தையைத் தட்டில் வைத்தாள். தட்டு அசைந்தது, சத்தமே வரவில்லை. 'டிக்' கூட இல்லை. பிறகு டாக்டரம்மா சொன்னபடி பிள்ளையை மகளின் மார்போடு ஒட்டிப் படுக்கவைத்து, மேலே தன் சேலையைப் போர்த்தினாள். அவள் ஓய்ந்தபோது மகளும், மகள் சோர்ந்தபோது அவளுமாக, நாள்கணக்கில் அந்தப் பிள்ளைக்கு உடம்பையே அறையாக்கினார்கள்.

விடுப்பு முடிந்து போன எடை அதிகாரி முதல் காரியமாக உத்தரவை ரத்துசெய்தார். மத்தியானத்துக்குள் ஆபீஸ் வாசலில் ஊரே கூடிவிட்டது. ஆளுக்கொரு சாம்பல் துண்டு தோளில்.

"எங்க பிள்ளைங்களை ஒரே நாள்ல பாதியாக்கப் பாக்கறாரு!"

"அது புகை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"புகையைப் பத்தி யார் கேட்டா? எடையைக் குடுய்யா!"

ஆலை அவர்களுக்குப் பந்தல் போட்டுத் தண்ணீர் கொடுத்தது. மாலையில் உத்தரவு திரும்ப வந்தது, அவர் மாற்றலாகிப் போனார். பொறுப்பு அதிகாரி நிரந்தரமானார்.

பேத்தி பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குட்டைப் பிள்ளை முன்னால் வர உயரப்படி வரிசை நிறுத்தும்போது அவள்தான் முதல் ஆள். அவளுக்கும் வரிசையின் கடைசிப் பிள்ளைக்கும் அதிக வித்தியாசம் இல்லை.